பள்ளத்தாக்கில் ஒரு விடுமுறை வாரம்

நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் கோடைக்காலம் வந்துவிட்டால் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும். மலேசியாவில் அவ்வாறு தனிக் கோடைக்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. ஆகவே, வெப்பத்தை விட்டுச் சில நாள் விலகியிருக்க விரும்புவோர் மலையேறுகின்றனர். பள்ளி விடுமுறை தொடங்கியதும் தாப்பாவிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் கேமரன் மலைக்குச் செல்லும் சாலைகளில் வாகனங்கள் வரிசைபிடித்து நிற்கின்றன. தேயிலைத் தோட்டத்தின் பசுமை, காலைப் பனிமூட்டம், குளிர்காற்று, சூடான ஒரு குவளைத் தேநீர் ஆகியவற்றுக்காக மக்கள் பல மணி நேரம் பயணம் செய்கின்றனர்.

இதே பசுமைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்த மாணவர்களிடம் விடுமுறையைப் பற்றிக் கேட்டால் விடை வேறாக இருக்கலாம். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது? கோலாலம்பூருக்குப் போனால்தான் விடுமுறை" என்று அவர்கள் சலித்துக்கொள்ளக்கூடும். ஒருவருக்கு அரிய காட்சியாக இருப்பது மற்றொருவருக்கு அன்றாடக் காட்சியாகிவிடுகிறது. அன்றாடம் காணும் ஒன்றை மீண்டும் அரியதாகக் காண முடியுமா? முடியும் என்றால், அதற்கு என்ன தேவை? இவ்விரு வினாக்களுக்கும் லெம்பா பெர்த்தாமில் விடை தேடலாம்.

மலையும் பள்ளத்தாக்கும்

'லெம்பா' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். பகாங் மாநிலத்தின் கேமரன் மலை மாவட்டத்தில், ரிங்லெட் பட்டணத்தை அடுத்து, பெர்த்தாம் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது லெம்பா பெர்த்தாம். பிரிஞ்சாங் மலைப்பகுதியில் தோன்றும் இந்த ஆறு, தானா ராத்தா, ஹாபு ஆகிய இடங்களின் வழியே இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. அணைக்குக் கீழே அதே ஆறு லெம்பா பெர்த்தாமைக் கடந்து செல்கிறது. சுற்றியுள்ள சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும், பள்ளத்தாக்கின் உள்ளே காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் உள்ளன.

இம்மலைகளில் செமாய் உள்ளிட்ட பூர்வக்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர் இப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயராலேயே இம்மலை அழைக்கப்படுகிறது. 1925-ஆம் ஆண்டில் இதனை ஒரு மலைவாழிடமாக மேம்படுத்தும் முயற்சி தொடங்கியது. 1929-ஆம் ஆண்டில் ஜோன் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தை நிறுவினார். அதன் முதல் தோட்டம் ஹாபு அருகே உருவானது. காட்டை வெட்டிச் சரிவுகளைத் திருத்தித் தேயிலை நட்டவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர். இன்று வருகையாளர்கள் நின்று படம் எடுக்கும் பசுமை, அவர்களுடைய உழைப்பால் விளைந்தது.

அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த படிவம் மூன்று மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் வீடு லெம்பா பெர்த்தாமில் இருக்கிறது. தந்தை காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். தாய் பூந்தோட்டத்தில் மலர்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை செய்பவர். பாட்டி, தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். விடுமுறைக் காலத்தில் வருகையாளர் பெருகுவதால் பெற்றோருக்கு வேலையும் பெருகும். ஆகவே, அந்த வாரம் அவர்களால் எங்கும் செல்ல முடியவில்லை. தோழிகள் சிலர் ஊருக்குக் கிளம்பிவிட்டனர். அவளுக்கு முன்னே ஏழு நாள்கள் வெறுமையாக இருந்தன.

திங்கள்: பனிமூட்டம்

விடுமுறையின் முதல் நாளும் வழக்கம்போல் ஐந்தரை மணிக்கே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. தந்தை லாரியைக் கிளப்பும் ஓசைதான் அந்த வீட்டின் கடிகாரம். பள்ளி நாள்களில் அந்நேரம் சீருடையைத் தேடுவதிலும் புத்தகப்பையை அடுக்குவதிலும் கழிந்துவிடும். அன்று அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மையாக இருந்தது. எதிர்வீட்டுக் கூரை மட்டும் நீரில் மிதப்பதுபோல் தெரிந்தது.

இரவில் நிலம் குளிரும்போது அதனை ஒட்டியுள்ள காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று எடை மிகுந்தது. எனவே, அது மலைச்சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதில் உள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கும்போது மூடுபனி உண்டாகிறது. கதிரவன் எழுந்து நிலத்தைச் சூடாக்கியதும் துளிகள் மீண்டும் ஆவியாகி மறைகின்றன. அறிவியல் பாடத்தில் அவள் படித்த ஆவியாதலும் சுருங்குதலும் அவள் வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தன. முதலில் வேலி தெரிந்தது. பிறகு சாலை தெரிந்தது. அதன் பின்னர் எதிர்மலையின் தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வேலியில் இருந்த சிலந்திவலையின் ஒவ்வோர் இழையிலும் நீர்மணிகள் கோத்திருந்தன. இவ்வளவும் நடந்து முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

செவ்வாய்: கொழுந்து

மறுநாள் பாட்டி தம் பழைய தோழி ஒருவரைப் பார்க்கத் தோட்டத்துக் குடியிருப்புக்குச் சென்றார். பேத்தியும் உடன் சென்றாள். வழியில் பாட்டி ஒரு தேயிலைச் செடியின் அருகே நின்று, நுனியில் இருந்த இளந்தளிரைக் காட்டினார்.

"அம்மாடி, இதைப் பார். நடுவில் சுருண்டிருப்பது மொட்டு. பக்கத்தில் இருப்பவை இரண்டு இலைகள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொழுந்து. அதற்குக் கீழே போனால் முற்றிய இலை. அதைப் பறித்தால் கங்காணி ஏசுவார்."

"எல்லாச் செடியும் ஒரே உயரமாக இருக்கின்றனவே, பாட்டி! இப்படித்தான் வளருமா?"

"விட்டுவிட்டால் இது மரமாகிவிடும். கை எட்டும் உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கவாத்து செய்கிறார்கள். வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும்."

பாட்டி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கொழுந்தைக் கையால் கிள்ளினார்கள். பிறகு கத்தரிக்கோல் போன்ற பறிக்கும் கருவி வந்தது. இப்போது சரிவு குறைந்த இடங்களில் இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரம் பயன்படுகிறது. ஒருமுறை பறித்த செடியில் மீண்டும் பறிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். இன்று தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் வேலை செய்கின்றனர்.

பாட்டியின் நினைவுகள் அனைத்தும் இனிமையானவை அல்ல. முதுகில் கூடை, காலில் அட்டை, தலைக்கு மேல் மழை என்று கழிந்த நாள்களையும் அவர் கூறினார். பறித்த எடைக்கு ஏற்பத்தான் கூலி கிடைத்தது. எனினும், அத்தகைய நாள்களுக்கு நடுவிலும் பத்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தோழியருடன் பகிர்ந்து குடித்த ஒரு வாய்த் தேத்தண்ணியின் சுவையை அவர் மறக்கவில்லை. அந்தச் சுவையால் முதுகுவலி நீங்கிவிடவில்லை. ஆனால், வலியோடு வேறொன்றும் அந்த நாளில் இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். சிறு மகிழ்ச்சியைப் போற்றுவது, துன்பத்தை இல்லை என்று சொல்வதாகாது. நியாயமான கூலியும் நல்ல குடியிருப்பும் கேட்டுப் பெற வேண்டியவை. அவற்றைக் கேட்கும் மனிதருக்குப் பத்து மணித் தேத்தண்ணியும் வேண்டும்.

புதன்: ஒரு குவளைத் தேநீர்

புதன்கிழமை மழை பெய்தது. வெளியே செல்ல முடியவில்லை. பாட்டிக்குத் தேநீர் கலக்கும் பொறுப்பு அவளுடையதாயிற்று. நாள்தோறும் கலக்கும் தேநீர்தான். ஆனால், முந்தைய நாள் கொழுந்தைக் கையில் வைத்துப் பார்த்திருந்ததால், குவளைக்குள் இருப்பது எப்படி அங்கு வந்தது என்ற வினா எழுந்தது. பாட்டி படிப்படியாக விளக்கினார்.

பறித்த கொழுந்து தொழிற்சாலைக்கு வந்ததும் முதலில் வாட்டப்படுகிறது. காற்றோட்டமுள்ள நீண்ட தொட்டிகளில் பரப்பி வைக்கும்போது இலையின் ஈரம் குறைந்து, இலை துவள்கிறது. அடுத்து உருட்டும் இயந்திரத்தில் இட்டு நசுக்குகின்றனர். இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்கிறது. பச்சை இலை செம்பு நிறமாக மாறுவதும், தேநீருக்கு உரிய மணம் பிறப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பின்னர்ச் சூடான காற்றில் உலர்த்தி அந்த மாற்றத்தை நிறுத்துகின்றனர். இறுதியாகச் சலித்து, தூளின் அளவுக்கு ஏற்பத் தரம் பிரிக்கின்றனர். ஒரு கிலோ தேயிலைத் தூள் பெற ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது.

இதைக் கேட்ட பிறகு அவள் தேநீரை மெதுவாகக் குடித்தாள். முதலில் ஆவியின் மணம் தெரிந்தது. பிறகு இலேசான துவர்ப்பு. அதன் பின்னர் நாவில் தங்கிய இனிப்பு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே குடித்த நாள்களில் சூடு மட்டுமே தெரிந்தது. தூள் அதேதான், குவளையும் அதேதான். அவள் அறிந்தது கூடியிருந்தது; அவள் கவனமும் கூடியிருந்தது.

வியாழன்: மலையில் இறங்கிய விண்மீன்கள்

லெம்பா பெர்த்தாமில் இரவு நேரத்தில் ஒரு வியப்பான காட்சியைக் காணலாம். மலைச்சரிவுகளில் உள்ள செவ்வந்தித் தோட்டங்களில் வரிசை வரிசையாக விளக்குகள் எரியும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு விண்மீன்கள் மலையில் இறங்கியதுபோல் தோன்றும். அந்த வெளிச்சத்தைச் சிறு வயது முதல் பார்த்து வந்த மாணவி, அதன் காரணத்தை ஒருநாளும் கேட்டதில்லை. வியாழன் இரவு, வேலை முடிந்து வந்த தாயிடம் கேட்டாள்.

"அம்மா, பூவுக்கு எதற்கு விளக்கு?"

"செவ்வந்தி, இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு விடும். செடி சின்னதாக இருக்கும்போதே மொட்டு விட்டால் காம்பு குட்டையாகிவிடும். கடையில் விலை போகாது. அதனால் இரவில் விளக்குப் போட்டு, இன்னும் பகல்தான் என்று செடியை நம்ப வைக்கிறோம். செடி உயர்ந்த பிறகு விளக்கை அணைத்துவிடுவோம். அப்போது பூக்கத் தொடங்கும்."

தாய் இதனை மிக இயல்பாகக் கூறினார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மலர்களைக் கட்டும் அவருடைய கைகள் சிறு கீறல்களால் நிறைந்திருந்தன. மகள் அந்தக் கைகளையும் எதிர்மலையின் விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் கால் மணி நேரம் வாசலில் பேசிக்கொண்டிருந்தனர். பள்ளி நாள்களில் அவர்களுக்கு இவ்வளவு நேரம் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

வெள்ளி: ஆற்றின் ஓசை

வெள்ளிக்கிழமை மாலை மழை விட்டதும் தம்பியை அழைத்துக்கொண்டு அவள் பாலத்துக்குச் சென்றாள். ஆறு கலங்கலாக, ஆனால் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி காய்ந்த இலைகளைப் பாலத்தின் ஒரு பக்கம் போட்டுவிட்டு, மறுபக்கம் ஓடிச் சென்று எது முதலில் வருகிறது என்று பார்த்தான். அவளும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டாள்.

அந்த ஆற்றுக்கு வேறொரு முகமும் உண்டு. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணை 1963-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அங்குத் தேங்கும் நீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் கொண்டு செல்லப்பட்டு மின்சாரம் எடுக்கப் பயன்படுகிறது. காலப்போக்கில் மேட்டு நிலங்களில் காடுகள் அழிக்கப்பட்டதால், மழைநீரில் அரித்து வந்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், கனமழைக்குப் பின் நள்ளிரவு கடந்த வேளையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. வெள்ளமும் சேறும் லெம்பா பெர்த்தாமில் புகுந்தன. உயிர்கள் பறிபோயின. வீடுகள் சேதமடைந்தன. வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன.

அப்போது அவள் சிறு குழந்தை. அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஆனால், அந்த இரவைக் கண்ட பெரியவர்கள் இன்றும் கனமழை பெய்தால் உறங்காமல் ஆற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாலத்திலிருந்து திரும்பியதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது?" என்பதே. "கொஞ்சம்தான், பாட்டி. தம்பி இலைப் படகு விட்டான்" என்று அவள் சொன்னாள். பாட்டியின் முகம் தெளிந்தது. ஆறு அமைதியாக ஓடுவதும், பிள்ளைகள் நனையாமல் வீடு திரும்புவதும் அவருக்குச் சிறு செய்திகள் அல்ல. ஒன்றும் நேராத ஒரு மாலைப்பொழுதின் அருமையை, அதனை ஒருமுறை இழந்தவர்களே நன்கு அறிவர்.

சனி: வருகையாளரின் கேள்வி

வார இறுதியில் நெரிசல் உச்சத்தை அடைந்தது. ரிங்லெட் சாலையில் வாகனங்கள் நகரவில்லை. கடைக்குச் சென்றிருந்த மாணவி, சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்த ஒரு குடும்பத்தைக் கண்டாள். ஐந்து அல்லது ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எதிரே இருந்த தேயிலைச் சரிவைச் சுட்டிக்காட்டி, "அக்கா, இந்தச் செடியெல்லாம் ஏன் ஒரே உயரமாக இருக்கிறது?" என்று கேட்டாள். நான்கு நாள்களுக்கு முன் அவள் பாட்டியிடம் கேட்ட அதே கேள்வி!

மாணவி விளக்கத் தொடங்கினாள். கவாத்தைப் பற்றிக் கூறினாள். இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் விரல்களால் காட்டினாள். இரவானால் செவ்வந்தித் தோட்டத்து விளக்குகளைப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். சிறுமியின் பெற்றோரும் ஆர்வத்துடன் கேட்டனர். நெரிசலில் மூன்று மணி நேரம் சிக்கியிருந்த களைப்பு அவர்கள் முகத்தில் சற்றுக் குறைந்தது. "இவ்வளவு அழகான இடத்தில் இருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள்" என்றார் அந்தத் தாய். வழக்கமாக அச்சொற்களைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. தன் ஊரைப் பற்றித் தனக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஞாயிறு: எழுதி வைத்தல்

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப்பையைத் தயார் செய்யும்போது பழைய பயிற்சி நூலில் சில வெற்றுத்தாள்கள் அவள் கண்ணில் பட்டன. அவற்றில் அந்த வாரத்தை எழுதினாள். நாளுக்கு ஒன்று என எண்ணித் தொடங்கியவள், இரண்டு பக்கங்களை நிரப்பிவிட்டாள். சிலந்திவலையில் கோத்த நீர்மணி, பாட்டி காட்டிய மொட்டு, தேநீரின் துவர்ப்பு, தாயின் கைகள், தம்பியின் இலைப் படகு, முன்பின் அறியாத சிறுமியின் கேள்வி. இவற்றுள் ஒன்றுக்கும் பணம் செலவாகவில்லை. ஒன்றுகூடப் புதிதாக வந்ததும் இல்லை.

மனம் எங்கே இருக்கிறது?

அவளுடைய வாரம் இதற்கு முந்தைய வாரங்களைவிட ஏன் வேறுபட்டது? இதற்கு உளவியல் ஆய்வுகள் விளக்கம் தருகின்றன. புதிய பொருளோ புதிய இடமோ தொடக்கத்தில் மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நாள் செல்லச் செல்ல மனம் அதற்குப் பழகிவிடுகிறது. பழகிய பிறகு, கண் பார்த்தாலும் மனம் அதில் நிற்பதில்லை. மலையில் வாழ்பவர் நகரத்துக்கும் நகரத்தில் வாழ்பவர் மலைக்கும் ஏங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2010-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2,250 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியாக, அன்றாட நேரங்களில் என்ன செய்கிறார்கள், மனம் எங்கே இருக்கிறது, எவ்வளவு மகிழ்ச்சியாக உள்ளனர் என்று கேட்கப்பட்டது. கேட்ட நேரங்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் அவர்கள் மனம் செய்யும் செயலில் இல்லாமல் வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. அவ்வாறு அலைந்த வேளைகளில் அவர்களின் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. என்ன செய்கிறோம் என்பதைவிட, செய்யும்போது மனம் எங்கே இருக்கிறது என்பதே மகிழ்ச்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

எழுதி வைப்பதன் பயனையும் ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வாரந்தோறும் தாங்கள் நன்றி பாராட்டும் செய்திகளை, ஐந்து வரை, எழுதினர். மற்றொரு குழுவினர் தொல்லைகளை எழுதினர். மூன்றாம் குழுவினர் பொதுவான நிகழ்வுகளை எழுதினர். பத்து வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, நன்றி பாராட்டும் செய்திகளை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்ற குழுவினரைவிட நிறைவாக உணர்ந்தனர். வரவிருக்கும் வாரத்தை நம்பிக்கையோடு எதிர்நோக்கினர்.

உற்று நோக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றனர். குறிஞ்சிப்பாட்டை இயற்றிய கபிலர், அதில் 99 வகை மலர்களின் பெயர்களை வரிசையாகக் கூறுகிறார். மலைச்சரிவில் நடந்து செல்பவர் பலருக்கு அவை அனைத்தும் 'பூ' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டு, பெயர் அறிந்து, நினைவில் வைத்த ஒருவருக்கு அவை தொண்ணூற்றொன்பது ஆகின்றன. பெயர் அறிவதும் காரணம் அறிவதும் பார்வையைக் கூர்மையாக்குகின்றன. மூடுபனி ஏன் தோன்றுகிறது, செவ்வந்திக்கு ஏன் விளக்கு, தேயிலை ஏன் செம்பு நிறமாகிறது என்று அறிந்தவருக்குப் பள்ளத்தாக்கு முன்பைவிட விரிவடைகிறது.

பயணம் செய்வதும் புதிய இடங்களைக் காண்பதும் நல்லவையே. அந்த மாணவியும் ஒருநாள் கோலாலம்பூருக்குச் செல்வாள். அதற்கு அப்பாலும் செல்லக்கூடும். எங்குச் சென்றாலும் சில வாரங்களில் அந்த இடமும் அன்றாட இடமாகிவிடும். அப்போது அவளுக்குத் துணை நிற்பது, வாசற்படியில் அமர்ந்து அரை மணி நேரம் பார்க்கக் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கமே. கேட்பதற்கு ஒரு கேள்வியும், கேட்கப்படும் பெரியவர் ஒருவரும், அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் மனமும் இருந்தால், எந்த ஊரிலும் எந்த வாரமும் வெறுமையாகக் கழியாது.

சொற்பொருள்

கொழுந்து – தேயிலைச் செடியின் நுனியில் உள்ள இளந்தளிர்
கவாத்து – செடியின் கிளைகளை அளவாக வெட்டுதல்
கங்காணி – தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்வை செய்பவர்
தேத்தண்ணி – தேநீர் (பேச்சு வழக்கு)
துவர்ப்பு – அறுசுவைகளுள் ஒன்று
கொள்ளளவு – ஒன்றில் நிரப்பக்கூடிய அளவு
கொடுத்து வைத்தவர் – நற்பேறு பெற்றவர்

சிந்தித்து விடை காண்க

1. வருகையாளருக்கு அரியதாகத் தோன்றும் காட்சி, அங்கே வாழ்பவருக்கு அன்றாடக் காட்சியாவது ஏன்?
2. "சிறு மகிழ்ச்சியைப் போற்றுவது, துன்பத்தை இல்லை என்று சொல்வதாகாது." இக்கூற்றைப் பாட்டியின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
3. ஆற்றில் நீர் குறைவாக ஓடுகிறது என்று அறிந்ததும் பாட்டியின் முகம் தெளிந்ததற்குக் காரணம் என்ன?
4. செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் விளக்கு எரிவதன் காரணத்தைச் சொந்த நடையில் எழுதுக.
5. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவருடைய தொழிலைப் பற்றி ஐந்து வினாக்கள் கேட்டு, விடைகளைத் தொகுத்து ஒரு பத்தி எழுதுக.
6. ஒரு வாரம், நாளுக்கு ஒரு செய்தி என, கண்டு மகிழ்ந்தவற்றை எழுதி வகுப்பில் பகிர்க.